பூப்போட்ட ரெக்சின் குறித்து வருங்காலச் சம்பந்திக்கு விளக்கம்

பெருமதிப்பிற்குரிய வருங்காலச் சம்பந்தி, சுங்கை ஆயர் தாவார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் உயர்திரு சுப்பிரமணியம் ஐயா அவர்களுக்கு,

ஈஜோக் தேவதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், என் மனைவி திலகம், மகன் ஷர்வின் மூவரும் முருகன் அருளால் சுகம். என் முதுகும் இடது முட்டியும் மட்டும் இந்தச் சுகத்தில் இன்னும் சேரவில்லை. அங்கு தாங்களும் சம்பந்தியம்மாவும் மருமகள் மாதவியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மருமகள் என்று எழுதிவிட்டேன். தாங்கள் இப்போது இருக்கும் மனநிலையில் அது அவசரம்தான். அடித்துவிடப் பார்த்தேன், கை வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

தங்கள் வாட்ஸ்அப் செய்தி கிடைத்தது. 'பொருள்: தங்கள் புகைப்படம்' என்று தலைப்பிட்டு, படத்தையும் ஒட்டி, 'பெண்ணைக் கொடுக்கப்போகும் தகப்பன் என்ற முறையில் இந்தக் கோலத்துக்கு எழுத்து மூலமான விளக்கம் கேட்கிறேன். கையெழுத்தில், கோடு போட்ட தாளில் வேண்டும். விளக்கம் வரும்வரை நிச்சயதார்த்த ஏற்பாடுகள் நிறுத்திவைக்கப்படுகின்றன' என்று முடித்திருந்தீர்கள். நாற்காலியில் உட்கார்ந்துதான் படிக்கத் தொடங்கினேன். முடிக்கும்போது எழுந்து நின்றுகொண்டிருந்தேன். திலகம் அதைப் படித்துவிட்டு, நிச்சயத் தட்டில் வைக்க வாங்கிய பட்டுப்புடவையைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை என் முன்னால் போட்டு, "இத நீங்கதான் தொறக்கணும்" என்றாள். ஷர்வின் தட்டைத் தள்ளிவைத்தான். இன்னும் சரியாகச் சாப்பிடாமல் இருக்கிறான். ஆகவே சம்பந்தி, இந்தக் கோடு போட்ட தாளின் மேல்தான் எங்கள் வீட்டுக் கல்யாணம் நிற்கிறது என்பதை உணர்ந்து, ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதலாவதாக, படத்தில் இருப்பது நானே. முதுகு மட்டும்தான் தெரிகிறது என்று மறுத்திருக்கலாம். ஆனால் யாரோ தெளிவாக 'ஈஜோக் தேவதாஸ் அங்கிள் சோபாவோடு பறக்கிறார்' என்று கீழே எழுதியும் விட்டார்கள், அந்த முதுகில் இருக்கும் சிவப்பு ரோஜாப் பூக்களை எங்கள் வீட்டு வரவேற்பறையில் தாங்கள் உட்கார்ந்தே பார்த்தும் இருக்கிறீர்கள். ஆகவே மறுப்பதற்கில்லை. ஆனால் அது குடிபோதையில் எடுத்த படம் என்றோ, புத்தி தடுமாறிவிட்டது என்றோ, இந்த வயதில் எனக்கு வேறு ஏதோ ஆசை வந்துவிட்டது என்றோ தாங்கள் நினைத்திருந்தால் அது தவறு. அது டிராக் டே. அதாவது, பந்தயச் சாலையை ஒரு நாளைக்குத் திறந்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் பணம் கட்டி, தன் சொந்த மோட்டார் சைக்கிளில் சுற்றலாம். பந்தயம் இல்லை, பரிசு இல்லை, சூதாட்டம் அறவே இல்லை. சுற்றிவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

என்னைப் போன்றவன் அங்கே ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். பெண் பார்க்க வந்த அன்று நல்ல நேரம் முடியப்போகிற சமயத்தில் நாங்கள் வந்து சேர்ந்தோமே, அது வழி தெரியாததால் அல்ல. காரை ஓட்டியது நான். அவ்வளவுதான் என் வேகம். முப்பது வருடம் ஈஜோக்கிலிருந்து ரவாங் தொழிற்சாலைக்குக் கப்சாய் என்கிற சின்ன மோட்டாரில் வேலைக்குப் போனவன் நான். அந்த ரோடு தங்களுக்குத் தெரியும். பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஹாரன் அடித்தால் நான் புல்லில் இறங்குவேன். முன்னால் பஸ் வந்தாலும் புல்லில் இறங்குவேன். மாடு வந்தாலும் புல்தான், அங்கே மாட்டுக்கு ஏற்கெனவே இடம் இருக்கும். முப்பது வருடத்தில் ரோட்டில் ஓட்டியதைவிடப் புல்லில் ஓட்டியது அதிகம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது கேலியும் இல்லை, கணக்குதான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து மாலை போட்டு, ஒரு உறையில் பணம் வைத்துக் கொடுத்து, "இனி என்ன செய்யப்போறீங்க தேவதாஸ்" என்று கேட்டார்கள். எதிரே யாரும் வராத ஒரு ரோட்டில் ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்று சொன்னேன். சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை சம்பந்தி. மனதில் இருந்ததைச் சொன்னேன்.

எங்கள் ஊர் மோட்டார் பட்டறை ராஜுவிடம் இதைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அண்ணே, அப்படி ஒரு ரோடு இருக்கு, ராசா டவுனத் தாண்டி, பழைய எஸ்டேட் நெலத்துல. வார நாள்ல போனா காசு கம்மி" என்றான். உறையில் இருந்த பணம் அன்றைய கட்டணத்துக்குச் சரியாகப் போயிற்று. மற்ற எல்லாவற்றையும் சும்மாவே சேர்க்க வேண்டிய நிலைமை. மோட்டாருக்கு வேறெங்கும் போகவில்லை, நம்ம கப்சாயேதான். விளக்குக்கெல்லாம் டேப் ஒட்டி, பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, காய்கறி வாங்கும் முன்கூடையையும் கழற்றியபோது அது முடிவெட்டிக்கொண்ட பையனைப் போல நின்றது. முழங்காலில் கட்டிக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் வில்லை வேண்டுமாம், வளைவில் சாயும்போது தரையில் உரசுவதற்கு. கடையில் விலை கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து திலகத்தின் காய் நறுக்கும் பலகையை இரண்டாக அறுத்தேன். அன்று இரவு சாம்பாரில் முருங்கைக்காய் முழுசாகக் கிடந்தது. அப்படியே கடித்து இழுத்துச் சாப்பிட்டேன்.

இனி அந்த உடுப்பு. லெதர் சூட் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ராஜு தன் பழைய சூட்டைக் கொடுத்தான். ராஜுவின் உடம்பு தங்களுக்குத் தெரியாது, அவன் ஒரு துடைப்பக்குச்சி. எனக்கு அது தொடைவரை வந்து நின்றுவிட்டது. நானும் ஷர்வினும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து, திலகம் முழங்கையால் என் வயிற்றை அமுக்கி, ஒருவழியாக உள்ளே போனபின் முதுகுப் பக்கம் மூச்சு விட்டதும் கிழிந்தது. புதுத் தோல் வாங்க வழியில்லை. திலகம் கொஞ்ச நேரம் யோசித்தாள், பிறகு சோபாவைப் பார்த்தாள். சோபாவுக்கு உறை தைத்தபோது மிஞ்சிய ரெக்சின் அலமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருந்தது. முதுகில் வெட்டி, அதை வைத்து, நைலான் நூலால் இரட்டைத் தையல் போட்டாள். பரிசோதனையில் அதை இழுத்துப் பார்த்த அதிகாரி, 'இந்த உடுப்பில் உறுதியான பகுதி இதுதான்' என்று மலாயில் சொன்னார் என்பதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். பூ இருப்பது உண்மை. பூ இல்லாத சோபா எங்கள் வீட்டில் இல்லை.

அன்று விடியற்காலை எங்கள் ஊர் சேதுவின் லோரியில் மோட்டாரை ஏற்றிக்கொண்டு போனோம். அது கோழி லோரி. சேது ராசாவுக்குக் கோழி இறக்கப் போகிறவன், முதலில் கொஞ்சம் தாண்டிப் போய் என்னையும் இறக்கிவிடுவதாக ஒப்புக்கொண்டான். முன்சீட்டில் அவன் மனைவி இருந்ததால் நான் பின்னால் கோழிகளோடு, சூட்டை மாட்டிய நிலையிலேயே போனேன். அதை ஒரு தடவை கழற்றினால் திரும்ப மாட்ட ஆள் கிடைக்காது. போய் இறங்கினால், அங்கே வண்டி வண்டியாக மோட்டார் வந்து நிற்கிறது, ஒவ்வொன்றும் ஒரு வீட்டு விலை. நான் இறகு ஒட்டிய கப்சாயைத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஒரு பெரிய சிவப்பு மோட்டார்க்காரர், ஹெல்மெட்டின் மேல் கேமராவெல்லாம் வைத்திருந்தார், நம்ம ஆள்தான், என் முதுகைப் பார்த்துவிட்டு, "அங்கிள், நாங்க உக்காரலாமா?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். சூட்டுக்குள் சிரிப்பதற்கு அவ்வளவு இடம்தான் இருந்தது.

பரிசோதனையில் மூன்று விஷயத்துக்கு நிறுத்தினார்கள். சங்கிலியில் கோழி இறகு, கைப்பிடியில் கோயில் கயிறு, கையில் நான் போட்டிருந்த தோட்டத்துக் கையுறை. இறகை எடுத்தேன். கயிற்றை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். கையுறைக்கு என்ன செய்வது என்று நின்றபோதுதான் அந்தத் தம்பி வந்தான். நீல ஹெல்மெட், கறுப்பு மோட்டார், ஒல்லியான பையன். ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பையிலிருந்து இன்னொரு ஜோடி கையுறையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். சின்னக் கை போலிருக்கிறது, எனக்கு விரல் முக்கால்வாசிதான் ஏறியது. பிரேக்கை முழுசாகப் பிடிக்க வரவில்லை. பின்னால் என் வேகத்தைப் பற்றி எழுதும்போது தாங்கள் இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதல் ஓட்டத்துக்கு வரிசையாக நின்றோம். திலகம் இரண்டு எலுமிச்சம்பழம் கொடுத்து, "புது ரோடு, பழம் நசுக்காம கெளப்புனா நான் இங்கேருந்தே அறிஞ்சுக்குவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எந்த வண்டி எடுத்தாலும் நம் வீடுகளில் செய்வதுதானே, தாங்கள் கார் எடுத்தபோதும் செய்திருப்பீர்கள். சரியாகப் பாதைக்குள் நுழைகிற வாயிலில், முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று வைத்து, கற்பூரத்தை மனதிலேயே ஏற்றி, 'முருகா' என்று உருட்டினேன். இரண்டும் அழகாக நசுங்கின. அடுத்த நொடி சிவப்புக் கொடி. விசில். எல்லா மோட்டாரையும் அணைக்கச் சொல்கிறார்கள். என் வண்டிக்கு அடியில் ஈரத்தைப் பார்த்துவிட்டார்கள். எண்ணெயோ என்ஜின் தண்ணீரோ கசிந்து பாதையில் கொட்டினால் பின்னால் வருகிறவர்கள் வழுக்கி விழுவார்களாம், அது அங்கே பெரிய குற்றமாம். மரத்தூள் வாளியோடு நாலு பேர் ஓடி வருகிறார்கள். ஒருவர் என் வண்டிக்கு அடியில் படுத்தே விட்டார். அதிகாரி குனிந்து, விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். நிமிர்ந்து, மெதுவாக, "லிமாவ்?" என்றார். ஆமாம் ஐயா, எலுமிச்சைதான் என்றேன். கொட்டையையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் நல்ல மனிதர். என்னை ஓரமாக அழைத்துப்போய், சாமி கும்பிடுவதைத் தான் தடுக்கவில்லை, ஆனால் பழத்தை வண்டி நிறுத்தும் இடத்திலேயே நசுக்கிவிட்டு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். முழு வரிசையும் என்னால் வெயிலில் காத்துக்கிடந்தது. அவமானத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ஒருவர் பின்னாலிருந்து தோளைத் தொட்டார். திட்டப்போகிறார் என்று திரும்பினால், "அங்கிள், இன்னும் பழம் இருக்கா?" என்றார். மதியத்துக்குள் திலகம் எலுமிச்சைச் சோற்றோடு சேர்த்துப் போட்டுவிட்டிருந்த பழம் அத்தனையும் தீர்ந்துவிட்டது. ஒரு சீனர்கூட வந்து வாங்கிக்கொண்டு போய், எந்தச் சக்கரத்துக்கு முதலில் என்று திரும்ப வந்து கேட்டார்.

முதல் ஓட்டத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. பின்னால் சத்தம் கேட்டால் என் கை தானாக இடது பக்கம் திரும்பும், முப்பது வருடப் பழக்கம். சத்தம் கேட்டது, புல்லில் இறங்கிவிட்டேன். கொடி காட்டுபவர் நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து மஞ்சள் கொடி ஆட்டினார். திரும்ப ஏறினேன். மறுபடி சத்தம் கேட்டது, மறுபடி புல். அந்த ஓட்டம் முடிவதற்குள் அங்கிருந்த புல்லையெல்லாம் பார்த்துவிட்டேன். உள்ளே வந்ததும் அதிகாரி கேட்டார், ஏன் அங்கிள் வெளியே போகிறீர்கள் என்று. வழிவிடுகிறேன் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னதைத் தமிழில் தருகிறேன்: 'இங்கே யாருக்கும் வழிவிட வேண்டாம். பின்னால் பார்க்கவே வேண்டாம். முந்துகிறவன்தான் இடம் பார்த்து முந்த வேண்டும். உங்கள் பாதை உங்களுடையது.'

சம்பந்தி, பேனாவைக் கீழே வைத்துவிட்டு இந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். அறுபது வயதாகப்போகிறது, ரோட்டில் ஒருவர்கூட என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

மதியம் சாப்பிடும்போது அந்த நீல ஹெல்மெட் தம்பி தனியாக நிற்பதைப் பார்த்து எலுமிச்சைச் சோற்றில் பாதியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஒரு வேனுக்குப் பின்னால் போய்ச் சாப்பிட்டுவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்துத் திரும்பக் கொடுத்தான். என் முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. தண்ணீர்கூடக் கண்ணாடியை விரற்கடை தூக்கி ஸ்ட்ரா போட்டுக் குடிக்கிறான். வாய் பேச வராத பையனோ, முகத்தில் ஏதும் காயமோ என்று நான் துருவிக் கேட்கவில்லை. நான் உட்கார்ந்தால் அவன் நிற்கிறான். நான் நின்றால் இன்னும் ஒரு அடி தள்ளி நிற்கிறான். கல்வியாளரான தங்களிடம் சொல்கிறேன், இந்தக் காலத்தில் அப்படி ஒரு பிள்ளையைப் பார்க்க முடியாது. அவனைப் பெற்ற தகப்பனை ஒரு நாள் சந்தித்தால், கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள்தான் ஐயா பிள்ளை வளர்த்தவர் என்று சொல்ல வேண்டும் என்று அங்கேயே நினைத்துக்கொண்டேன். அந்தத் தம்பி நடுத்தர வேகக் குழுவைச் சேர்ந்தவன், மதியத்துக்குப் பிறகு தானே கேட்டு எங்கள் மெதுவான குழுவுக்கு மாறிக்கொண்டான் என்று அதிகாரி சொன்னார். களைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

இப்போது கடைசி ஓட்டத்துக்கு வருகிறேன். படம் எடுக்கப்பட்டது இதில்தான். தாங்கள் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படித்தாலும் சரி.

பாதையில் இறங்கினோம். என் பின்னால் அந்த நீல ஹெல்மெட். சத்தம் கேட்கிறது, என் கை இடது பக்கம் போகப் பார்க்கிறது, 'உன் பாதை உன்னுடையது' என்று பல்லைக் கடித்துக்கொண்டு விடவில்லை. முதல் சுற்று போயிற்று, அவன் என்னை முந்தவில்லை. இரண்டாவது சுற்றும் போயிற்று. என் வண்டியைப்போல் நாலு மடங்கு சக்தி உள்ள மோட்டார், காலையில் அது பறந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், என்னை முந்த முடியவில்லை. வளைவில் நான் உள்ளே சாய்ந்தால் அவனும் சாய்கிறான், நேர் பாதையில் நான் திருகினால் அவனும் திருகுகிறான், அதற்கு மேல் அவனால் முடியவில்லை. நான் அவனை அடக்கி வைத்திருக்கிறேன் சம்பந்தி. பின்னால் வந்த ஒரு வண்டியை வாழ்நாளில் முதல் தடவையாக அடக்கி வைத்திருக்கிறேன். காய் நறுக்கும் பலகை இன்னும் தரையைத் தொடவில்லை, அது உண்மை. ஆனால் தொட வேண்டும் என்கிற எண்ணம் அதற்கே வந்துவிட்டது.

அப்போதுதான் மழை. நம்ம பக்கத்து மழை தங்களுக்குத் தெரியும், முன்னறிவிப்புக் கிடையாது. விலை உயர்ந்த மோட்டார்களெல்லாம் கலியாணப் பெண் நடப்பதுபோல் நடக்கத் தொடங்கின. எனக்கு மழை புதிதில்லை. ஈஜோக் ரோட்டில், செம்பனை எண்ணெய் சிந்திய மழையில், சோற்றுச் சட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு முப்பது வருடம் ஓட்டியவன். என் வேகத்தில் மாற்றமே இல்லை. மற்றவர்களின் வேகம்தான் என் அளவுக்கு இறங்கி வந்தது. முன்னால் பார்த்தால் சிவப்பு மோட்டார். 'நாங்க உக்காரலாமா' என்று கேட்டவர். அவர் இரண்டு காலையும் பாதி கீழே விட்டுக்கொண்டு போகிறார். முந்துகிறவன்தான் இடம் பார்க்க வேண்டும். பார்த்தேன். இடம் இருந்தது. கையுறையில் பிரேக்கும் பிடிக்க வராது. போய்விட்டேன்.

ஆகவே ஐயா, அந்தப் படம் ஏன் என் முதுகைக் காட்டுகிறது என்பதைத் தாங்கள் கணித ஆசிரியராகவும் இருந்தவர் என்ற முறையில் சிந்திக்க வேண்டும். அது அந்த மனிதரின் ஹெல்மெட் கேமராவில் பதிந்தது. அவர் என் முதுகைப் படம் பிடித்தார் என்றால் அவர் எனக்குப் பின்னால் இருந்தார். கப்சாய்க்குப் பின்னால். கேலி செய்ய அனுப்பிய படம் என் வெற்றிக்குச் சாட்சியாக ஊரெல்லாம் சுற்றுகிறது. கொடி விழுந்து, நான் சுற்றை முடித்து உள்ளே வந்தபோது மரத்தூள் வாளிக்காரர்கள்கூடக் கை தட்டினார்கள். அந்த அதிகாரி ஒரு பச்சை எலுமிச்சங்காயை எங்கிருந்தோ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். நான் அழுதேன். சூட்டும் அந்த இடத்தில் இன்னொரு தடவை கிழிந்தது, அது படத்தில் இல்லை என்பது முருகன் செயல்.

இதுதான் நடந்தது. இதில் என் மகனுக்குப் பங்கில்லை, சூட்டை இழுத்ததோடு சரி. அவன் கார் தவிர வேறொன்றும் ஓட்டமாட்டான். தங்கள் மகள் சைக்கிளைக் கண்டாலே ஒதுங்கி நிற்கும் பெண், ரோட்டைக் கடக்க ஆள் துணை தேடுவாள், அப்படிப்பட்ட பிள்ளையை இந்த மாதிரி வீட்டில் எப்படிக் கொடுப்பது என்று தாங்கள் எழுதியிருந்தது என்னை உறுத்துகிறது. நியாயமான கேள்வி. ஆகவே, எழுத்து மூலமாகவே உறுதி கூறுகிறேன்: இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். சூட்டை ராஜுவிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ரெக்சினைப் பிரித்து எடுத்துவிடச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் மோட்டார் சத்தமே மாதவியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்கிறேன். இந்த வரியை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் கிடைத்தது போதும். பிள்ளைகள் கல்யாணம் பெரிது.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கமும் திலகத்தின் விசாரிப்பும். மாதவிக்கு எங்கள் இருவரின் ஆசி. அவள் நோய்நொடியின்றி, பயந்த சுபாவம் கொஞ்சம் குறைந்து, நீடூழி வாழ வேண்டும். தங்கள் பதிலை அலமாரிச் சாவியோடு எதிர்பார்க்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
ஈ. தேவதாஸ்

பின்குறிப்பு:

கடிதத்தை ஷர்வின் நேரில் கொண்டுவந்து கொடுப்பதாக இருந்தான். உறையில் போட்டு ஒட்டப்போகும்போது வாசலில் மோட்டார் சத்தம். எட்டிப் பார்த்தால் அந்தக் கறுப்பு மோட்டார், அந்த நீல ஹெல்மெட். கையுறையை வாங்கிப் போக வந்திருக்கிறான் என்று நினைத்து, "வாய்யா தம்பி, உள்ள வா" என்றேன். ஹெல்மெட் கழன்றது. உள்ளே மாதவி இருந்தாள்.

திலகம் கரண்டியைக் கீழே போட்டாள். ஷர்வினின் முகத்தைப் பார்த்தால், அவனுக்கும் இது புதுச் செய்தி என்று தெரிந்தது. தங்கள் மகள் என் முன்னால் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள். அவள் பேசியதை அப்படியே தருகிறேன். "மன்னிச்சிடுங்க மாமா. அங்க உங்களப் பார்த்ததும் எனக்கு ஓடவும் முடியல, ஹெல்மெட்டக் கழட்டவும் முடியல. ஆபீஸ் டிரெய்னிங்னு சொல்லிட்டுத்தான் ரெண்டு வருஷமா போறேன். மோட்டார ரவாங்ல பிரெண்டு வீட்ல வச்சிருக்கேன்லா. அப்பாகிட்ட எத்தன தடவ வாயத் தெறந்தாலும் வார்த்த வரல. எழுத்துல இருந்தாத்தான் அவரு ஒத்துக்குவாரு. உங்க கடுதாசியிலயே கீழ சேர்த்து எழுதிடுங்க மாமா." ஆகவே இது கோள் சொல்வதல்ல. அவள் சொல்ல, அவள் பார்க்க, எழுதுகிறேன்.

நான் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "கடைசி ஓட்டத்துல நான் உன்ன முந்தவே விடல, இல்ல?" அவள் ஹெல்மெட்டைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, "மாமாவ முந்திக்கிட்டு எப்படி மாமா போறது" என்றாள். குரலைத் தாழ்த்தி, "பின்னால வர்றவங்க யாரும் உங்கள இடிச்சிடக் கூடாதேன்னுதான் குழு மாறி வந்தேன்" என்றாள்.

ஆகவே, நான் அடக்கி வைத்திருந்ததாக மேலே எழுதிய பத்தியைத் தாங்கள் அடித்துவிடலாம். பயந்த சுபாவம் பற்றிய ஆசியையும் அடித்துவிடலாம். சிவப்பு மோட்டாரை முந்தியதை மட்டும் அடிக்கக் கூடாது, அதற்கு அவளே சாட்சி. படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ரோஜாப் பூக்களை விட்டுவிட்டு, வலது ஓரத்தில், எனக்குச் சற்றுப் பின்னால், மழையில் ஒரு நீல ஹெல்மெட் தெரியும். தாங்கள் ஒரு வாரமாகக் கோபத்தோடு பார்த்துக்கொண்டிருப்பது தங்கள் மகளின் படத்தைத்தான்.

என் உறுதிமொழியையும் ரத்து செய்கிறேன். அடுத்த மாதம் இரண்டு பேருக்கு இடம் எழுதிவைக்கச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை நான் அவளுக்குப் பின்னால் போகிறேன், அவளையும் யாரும் இடிக்கக் கூடாது. சூட் ராஜுவுக்குப் போகாது. மிச்ச ரெக்சினில் மருமகளுக்கு என்ன தைக்கலாம் என்று திலகம் அளவெடுத்துக்கொண்டிருக்கிறாள். அலமாரிச் சாவியை அவளே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் பட்டுப்புடவையை வெளியே எடுத்துவிட்டாள். ஷர்வின் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டான்.

தாங்கள் பிள்ளை வளர்த்தவர் ஐயா. கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்ததை நிச்சயத்தன்று நேரில் சொல்கிறேன். ஆனால், பையனைக் கொடுக்கப்போகும் தகப்பன் என்ற முறையில், சைக்கிளைக் கண்டாலே ஒதுங்கும் பெண் என்று தாங்கள் எழுதியதற்கு எழுத்து மூலமான விளக்கம் எதிர்பார்க்கிறேன். கையெழுத்தில், கோடு போட்ட தாளில் வேண்டும். விளக்கம் வரும்வரை நிச்சயதார்த்த ஏற்பாடுகள் நிறுத்திவைக்கப்படமாட்டா.